எட்டுத் தூண் வீட்டின் பதிவேடு

அனகாபுத்தூர்
8 ஜூலை 2024

ஜோதிக்கு,

இடுப்பு எப்படி இருக்கிறது? ஊரில் உள்ள பழைய வீட்டுப் பரணெல்லாம் ஏறி அளந்தவள், பெருங்களத்தூரில் ஒரு ஓட்டை ஏணியிலிருந்து விழுந்து, இப்போது பூனாவில் மகன் வீட்டுக் கட்டிலில் கிடக்கிறாய். நிகிலும் அவன் பெண்டாட்டி மிருதுளாவும் உன்னை நன்றாகத்தான் பார்த்துக்கொள்வார்கள். நீதான் அவர்களைப் பாடாய்ப் படுத்துவாய்.

போன் செய்தாய் போலிருக்கிறது. வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். எடுத்து என்ன பண்ண? இடது காது செத்து ஒன்பது வருடம் ஆகிறது. வலது காதில் பக்கத்தில் நின்று கத்தினால்தான் ஏதோ ஏறும். எதிரே நிற்பவர் வாயைப் பார்த்துக் காலம் தள்ளுகிறேன், போனுக்கு வாய் கிடையாது. வாட்ஸப் கற்றுக்கொள் என்று நீ எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு வேண்டாம். முப்பத்தாறு வருடம் தபாலாபீசில் முத்திரை குத்தியவள் நான். கடிதம்தான் எழுதுவேன், நீயும் எழுது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் சிவகுமார் வீட்டில் ரிப்பேர் வேலையை ஆரம்பித்துவிட்டார். நம், நம் என்று நீ சொல்லி எனக்கும் அப்படியே வருகிறது. போன வருடம் உங்கள் பழங்கட்டடக் குழு மூலமாக இந்த வீட்டை அவருக்கு விற்றபோது, ஹாலில் நின்று கண் கலங்கினார், தூணைக் கட்டிப்பிடித்தார், என் காலில் விழுந்தார். வீட்டை இடிக்கமாட்டேன், சாகும்வரை நீங்கள் மாடியிலேயே இருக்கலாம் என்று பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். என் வீட்டுக்காரரின் அண்ணன் மகன் ஃப்ளாட் கட்டுகிறவனிடம் பேசி வைத்திருந்தான். அவன் பங்கைக் கொடுத்து வாயை அடைத்தாயிற்று, வீடு தப்பித்தது என்று அன்றைக்கு நாம் இரண்டு பேரும் பாயசம் வைத்துச் சாப்பிட்டோம்.

இப்போது ஹாலில் இருக்கும் எட்டுத் தூணில் பின்பக்கத்து இரண்டை எடுத்துவிட்டார்கள். கரையானாம். எங்கே கரையான் என்று மேஸ்திரியைக் கேட்டேன். “உள்ளாற கீதும்மா, வெளிய தெர்யாது” என்றான். அந்த இடத்தில் தார்ப்பாய் கட்டி மறைத்துச் சிமெண்டுத் தூண் போட்டு, மரக் கலர் அடித்திருக்கிறார்கள். பார்க்கப் பரவாயில்லை. ஆனால் கரையான் தின்ற தூணை யாராவது கம்பளி சுற்றி, நாலு பேர் பிடித்து, அடிபடாமல் வண்டியில் ஏற்றுவார்களா?

இன்னொன்று. நீ தயாரித்த பதிவேட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வருகிறார். எந்தத் தூண், எந்தக் கதவு, என்ன மரம், எத்தனை அங்குலம் என்று போட்டோ ஒட்டி மூன்று மாதம் எழுதினாயே, அதுதான். வண்டி கிளம்பியதும் அதில் பென்சிலால் இரண்டு டிக் போட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை.

தனக்கோடி


புனே
17 ஜூலை 2024

அன்புள்ள தனக்கோடி அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. வாக்கர் பிடித்து பாத்ரூம்வரை நடக்கிறேன். இன்னும் ஐந்து மாதம் ரயில், விமானம் எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நீங்கள் எதற்கும் பயப்பட வேண்டாம். நூற்றுப் பத்து வருடத்துக் கட்டடம், கரையான் இருப்பது இயல்பு. பர்மா தேக்கு என்றாலும் அடியில் ஈரம் ஏறினால் அரிக்கும். 2015 வெள்ளத்தில் உங்கள் ஹாலில் ஆற்றுத் தண்ணீர் நாலு நாள் நின்றதை மறந்துவிட்டீர்களா? அதற்குப் பிறகுதானே நீங்கள் மாடிக்கே குடிபோனீர்கள். உறுதிமொழிப் பத்திரத்தில் பழுதுபார்ப்பு வாங்கியவர் பொறுப்பு என்று நான்தான் எழுதினேன். அதைத்தான் அவர் செய்கிறார்.

பதிவேட்டைப் பற்றி ஏதோ திருட்டுச் சாமானைப் பற்றிப் பேசுவது போல எழுதியிருக்கிறீர்கள். வாங்குகிறவருக்குப் பதிவேட்டின் முழு நகல் ஒன்றைக் கொடுப்பது நம் குழுவின் வழக்கம். எதைக் காப்பாற்ற வேண்டும் என்று அவருக்குத் தெரிய வேண்டாமா? பல்லாவரத்திலிருந்து வண்டலூர்வரை பதினேழு வீடுகளை நாங்கள் இப்படித்தான் நல்லவர்கள் கையில் ஒப்படைத்திருக்கிறோம். பம்மலில் அந்தத் தோல்மண்டி முதலாளி வீட்டை வாங்கியவரும் சிவகுமாருக்குத் தெரிந்தவர்தான். இரண்டு வருடமாக எந்தப் புகாரும் இல்லை.

குழுவின் பொருளாளர் தோத்தாத்ரி சாரை நேரில் வந்து பார்க்கச் சொல்கிறேன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். படப்பையில் உங்கள் தங்கை வீட்டுக்குப் போனால் போன வேகத்தில் திரும்பிவிடுங்கள். தொடர்ந்து முப்பது நாள் நீங்கள் அனகாபுத்தூர் வீட்டில் தங்கவில்லை என்றால், குடியிருக்கும் உரிமை போய்விடும் என்று பத்திரத்தில் ஒரு ஷரத்து இருக்கிறது.

அன்புடன்,
ஞானஜோதி


அனகாபுத்தூர்
3 ஆகஸ்ட் 2024

ஜோதிக்கு,

உன் தோத்தாத்ரி சார் வந்தார். நான் போட்ட வடையில் நாலைத் தின்றார், சட்னி இன்னொரு தடவை கேட்டார், தலையை மட்டும் தூக்கி மச்சைப் பார்த்தார். “நத்திங் டு வொர்ரி மேடம், சூப்பரா மெயின்டெய்ன் பண்றாங்க” என்று என் முகத்துக்கு நேராக வாயை நன்றாகத் திறந்து சொன்னார். காது கேட்காதவளிடம் பேசும்போது எல்லோரும் வாயை அப்படித்தான் திறக்கிறார்கள். மெல்லாத வடை தெரிந்தது.

அவர் போன மறுநாள் இன்னும் இரண்டு தூண் போயிற்று. பூஜை அறைக் கதவும் போயிற்று. பாலிஷாம்.

எனக்கு வேலையின் சத்தம் கேட்பதில்லை. மாடியில் பலகைத் தளம் அல்லவா, உள்ளங்காலில் தெரிகிறது. மேஸ்திரி படி ஏறினால் ஒரு மாதிரி, சித்தாள் கங்கையம்மாள் ஏறினால் ஒரு மாதிரி. சிவகுமார் மூன்றாவது படியில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் ஏறுவார். ஆள் வந்து நிற்பதற்கு முன்னாலேயே யாரென்று எனக்குத் தெரிந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை காரில் ஒரு ஜோடி வந்தது. வீட்டைப் பார்க்க வந்தவர்கள் வீட்டைப் பார்க்கவில்லை. முன்பக்கத்து வலது தூணைத் தொட்டார்கள், டேப் வைத்துச் சுற்றளவு எடுத்தார்கள், அந்தப் பெண் அதில் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். சிவகுமார் பதிவேட்டைப் புரட்டி ஒரு பக்கத்தைக் காட்டினார். என் ஹாலில், என் கண்ணெதிரில், என்னைத் தாண்டிப் போய் வந்தார்கள்.

போகும்போது சிவகுமார் என் கையில் ஒரு கவர் கொடுத்தார். “நீங்க எனக்கு அம்மா மாதிரி. காசி, கயா, பத்ரிநாத் எல்லாம் சேர்த்து டூர் புக் பண்ணிட்டேன். ஒரு பைசா வேண்டாம். ஏ.சி. கோச்” என்றார். பிரித்துப் பார்த்தேன். நாற்பது நாள் யாத்திரை, ஜோதி. நாற்பது நாள்.

அந்த ஷரத்தை எதற்கு எழுதினாய்? கையெழுத்துப் போடும்போது நான் படித்தேன்தான். ஆனால் நான் எங்கே போகப் போகிறேன் என்று விட்டுவிட்டேன். வாரத்துக்கு ஒரு தடவை அந்த மனிதர் “தங்கச்சி வீட்டுக்குப் போகலையா, ஒரு ரெண்டு மாசம் ரெஸ்ட் எடுங்க” என்று கேட்கும்போதுதான் அது எனக்கு உறைக்கிறது.

தனக்கோடி


புனே
13 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் என்னைப் புண்படுத்தியது. அதை மறைக்க விரும்பவில்லை.

நான் தலையிடாமல் இருந்திருந்தால் அந்த இடத்தில் இன்றைக்கு ஆறு மாடி எழும்பியிருக்கும். பொதுப்பணித் துறையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து உதவிப் பொறியாளராக ஓய்வுபெற்றவள் நான். அரசாங்கம் கொடுத்த பென்ஷனில் டீ வாங்கிக் குடித்துக்கொண்டு, வெயிலில் வீடு வீடாக அலைந்து இந்தக் குழுவை நடத்துகிறேன். எனக்கு இதில் ஒரு லாபமும் கிடையாது. முப்பது நாள் ஷரத்தை நான்தான் எழுதினேன். வாங்குகிறவருக்கும் ஏதாவது ஒரு பிடி வேண்டும் என்று அவர் வக்கீல் கேட்டார். அதுகூட இல்லையென்றால் அவர் எழுந்து போயிருப்பார், நீங்கள் உங்கள் வீட்டுக்காரரின் அண்ணன் மகனோடு கோர்ட்டில் நின்றுகொண்டிருப்பீர்கள்.

அவர் நினைத்தாலும் வீட்டை இடிக்க முடியாது. இந்தக் கட்டடம் உறுதியாக இருக்கிறது என்று நான் கையெழுத்திட்ட சான்று மாநகராட்சி ஃபைலில் இருக்கிறது. அது இருக்கும்வரை இடிக்க அனுமதி கிடைக்காது. உங்களுக்கு இதைவிட வேறு என்ன காவல் வேண்டும்?

மூத்தவர் ஒருவரைக் காசிக்கு அனுப்ப நினைப்பதும் குற்றமா? இருந்தாலும் போகாதீர்கள். அந்தக் கவரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஒரு விஷயம். ஹாலின் தெற்குச் சுவரில் ஏதாவது விரிசல் தெரிகிறதா? இருந்தால் அதன்மேல் ஒரு காகிதப் பட்டையைக் குறுக்காக, இறுக்கமாக ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். சும்மா கேட்கிறேன்.

ஞானஜோதி


அனகாபுத்தூர்
5 செப்டம்பர் 2024

ஜோதிக்கு,

நன்றி கெட்டவள் எழுதுகிறேன்.

தெற்குச் சுவரில் விரிசல் இருக்கிறது. போன மாதத் தொடக்கத்தில் இல்லை. சுவரிலிருந்து மூன்று அடி தள்ளி போர் போடுகிறேன் என்று லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இரண்டு நாள் கட்டில் நடுங்கியது, டம்ளரில் தண்ணீர் நடுங்கியது, என் பல்செட்டுகூட நடுங்கியது. ஆற்றங்கரையில் பத்தடி தோண்டினால் தண்ணீர் வரும் ஊரில் முந்நூறு அடி போர் எதற்கு?

நீ சொன்னபடி ஆகஸ்ட் 22ஆம் தேதி பழைய மணியார்டர் ஃபாரம் ஒன்றைக் கிழித்துக் குறுக்கே ஒட்டினேன். 31ஆம் தேதி அது நடுவில் கிழிந்திருந்தது. கையால் கிழித்தது இல்லை, மெல்லிய கோடாக, மேலிருந்து கீழே கிழிந்திருந்தது. இதோடு வைத்திருக்கிறேன், பார்.

ஆறு தூண் போய்விட்டது. காசி டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்ததற்கு சிவகுமார் கோபப்படவில்லை. சிரித்தார். “உங்க இஷ்டம்மா” என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

தனக்கோடி


புனே
16 செப்டம்பர் 2024

அக்கா,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மூன்று தாள் கிழித்துப் போட்டுவிட்டேன்.

எட்டு நாளைக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை, மிருதுளா போனில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். நாவலூரில் புதிதாகத் திறந்திருக்கிற ஓட்டலாம், ஐ.டி. பிள்ளைகள் வாழையிலைச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கிறார்களாம். “பாருங்க அத்தை, உங்க டேஸ்ட்ல இருக்கு” என்று காட்டினாள். வாசலில் ஒரு கதவு. நிலையில் தாமரை வரிசை, இடதுபக்கம் நாலாவது தாமரையில் ஒரு இதழ் உடைந்திருக்கிறது. அந்த உடைந்த இதழை நான் அளந்திருக்கிறேன், அக்கா. முக்கால் அங்குலம். அது பம்மல் தோல்மண்டி முதலாளி வீட்டின் கதவு. என் பதிவேட்டில் பதினோராம் பக்கம்.

நிகிலிடம் சொல்லி, பம்மலில் எனக்குப் பழக்கமான ஒரு ஆளுக்குப் போன் போட்டுப் போய்ப் பார்க்கச் சொன்னேன். “வெளிச் சொவுரு மட்டும் நிக்கிது மேடம், உள்ள ஒண்ணுமே இல்ல, ஆகாசம் தெரியுது” என்றான். அதன் பிறகு ஒவ்வொரு வீடாக விசாரித்தேன். பதினேழில் ஐந்து வீடு இதே கதிதான். எல்லாம் சிவகுமாரும் அவர் கூட்டாளிகளும் வாங்கியவை. அவர்களுக்கு வீடு வேண்டாம். வீட்டுக்குள் இருப்பதுதான் வேண்டும். எந்தத் தூண் எத்தனை அங்குலம், எந்த மரம், எந்த வருடம் என்று அவர்கள் தேடி அலைய வேண்டிய வேலையே இல்லாமல், போட்டோவோடு பைண்டு பண்ணிக் கையில் கொடுத்தது நான். காப்பாற்றுவதற்காக எழுதினேன், அவர்கள் அதைக் கடைக்காரன் விலைப்பட்டியல் போல வைத்துக்கொண்டு விற்றிருக்கிறார்கள்.

உங்களிடம் கோபமாக எழுதியதற்கு மன்னித்துவிடுங்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வக்கீலிடம் பேசினேன். உறுதிமொழிப் பத்திரத்தை நாம் பதிவு செய்யவில்லை. பெரிய மனிதர் சொல்லிவிட்டார், கண் கலங்கினார், அது போதும் என்று விட்டது என் தப்பு. கோர்ட்டுக்குப் போனால் பல வருடம் இழுக்கும். இப்போதைக்கு நீங்கள் அங்கே குடியிருப்பது ஒன்றுதான் பிடி. ஆனால் அந்த வீட்டில் நீங்கள் இருப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜோதி


அனகாபுத்தூர்
30 செப்டம்பர் 2024

ஜோதிக்கு,

அழாதே. அழுதால் இடுப்பு வலிக்கும்.

எட்டுத் தூணும் போய்விட்டது. கீழே இருப்பதெல்லாம் கலர் அடித்த சிமெண்டு. நான் நடக்கும் பலகைத் தளமும், என் கட்டிலும், பீரோவும், நானும் அவற்றின் மேல்தான் இருக்கிறோம்.

வியாழக்கிழமை சித்தாள் கங்கையம்மாள் தண்ணீர் கேட்டு மாடிக்கு வந்தாள். குடித்துவிட்டுப் போகாமல் நின்றாள். என் முகத்துக்கு நேராக உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள். “யம்மா, நா சொன்னன்னு சொல்லாத. மேல பட்துக்காத. தூணுக்கு உள்ள கம்பியே கெடையாது. பிளாஸ்டிக் பைப்ப நிக்க வெச்சி மண்ணும் சிமெண்ட்டும் கலந்து ரொப்பிக்கிறாங்க. மழ புட்ச்சா இன்னா ஆவும்னு தெர்ல.” முந்தானையால் வாயை மூடிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து சுவர் ஓரமாகக் கட்டிலைத் தள்ளிப் போட்டிருக்கிறேன். தளத்தின் நடுவில் நடப்பதில்லை. பீரோவிலிருந்த பாத்திரத்தை எல்லாம் ஓரத்தில் பிரித்து வைத்தேன். அறையைச் சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன், எலி மாதிரி. சமையலறைக்குப் போக ஐந்து அடி இருந்த இடம் இப்போது இருபது அடி.

மழை ஆரம்பித்துவிட்டது. ஆறு இன்னும் கீழேதான் ஓடுகிறது.

தனக்கோடி


புனே
7 அக்டோபர் 2024

அக்கா,

தயவுசெய்து படப்பைக்குப் போய்விடுங்கள். வீடு போனால் போகட்டும்.

நீங்கள் போகமாட்டீர்கள் என்று தெரியும். அதனால் இன்னொன்று எழுதுகிறேன், கடைசிவரை படியுங்கள். கட்டடம் உறுதியாக இருக்கிறது என்று நான் கொடுத்த சான்றை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், இது இப்போது அபாயகரமான கட்டடம், உள்ளே ஒரு வயதானவர் இருக்கிறார் என்று மாநகராட்சிக்கு நானே எழுதினால், உடனே உங்களை வெளியேற்றிவிடுவார்கள். உயிர் தப்பும். ஆனால் அதோடு வீட்டை இடிக்கவும் உத்தரவு வரும். சிவகுமார் கேட்டாலும் கிடைக்காத அனுமதியை நானே தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்ததாக ஆகும். உங்கள் உரிமையும் போய்விடும், கட்டடமே இல்லாத இடத்தில் குடியிருப்பது எப்படி?

நேரில் பார்க்காத கட்டடத்துக்கு நான் இதுவரை கையெழுத்துப் போட்டதில்லை. தோத்தாத்ரி சாரை அனுப்பலாம் என்றால் இனி அவரை நம்ப முடியவில்லை. வேறொரு பொறியாளரை அனுப்பினேன், சிவகுமாரின் ஆட்கள் கேட்டுக்குள் விடவில்லை. என் கையில் இருப்பதெல்லாம் கங்கையம்மாள் சொன்னதும், கிழிந்த மணியார்டர் ஃபாரமும்தான்.

வானிலைச் செய்தியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் சம்மதம் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். ஸ்பீடு போஸ்டில் போடுங்கள்.

ஜோதி


அனகாபுத்தூர்
12 அக்டோபர் 2024

ஜோதி,

சம்மதம் இல்லை.

படப்பையில் என் தங்கை வீடு மூன்றாவது மாடி, டைல்ஸ் தரை. போன பொங்கலுக்கு நாலு நாள் இருந்தேன். யார் வருகிறார்கள், யார் போகிறார்கள், என் முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள், ஒன்றும் தெரியாது. தோளில் கை வைக்கும்போதெல்லாம் தூக்கிவாரிப் போட்டது. தங்கை பேரன் அதைப் பார்த்துச் சிரித்தான், அவன் மேல் தப்பில்லை. அங்கே நான் செவிடு. இங்கே நான் செவிடு இல்லை. காது போன பிறகு இந்தப் பலகைதான் எனக்குக் காது. இதைத்தான் நான் விற்கும்போது காப்பாற்றக் கேட்டேன். தூணையும் தாமரையையும் நீதான் எழுதிக்கொண்டாய்.

விழுந்தால் விழட்டும். அறுபத்தெட்டு வயதாகிறது. நீ அந்தக் கையெழுத்தைப் போட்டால் அதற்கப்புறம் என் முகத்தில் விழிக்காதே.

தனக்கோடி


புனே
17 அக்டோபர் 2024

அக்கா,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். தென்கிழக்கு வங்கக் கடலில் காற்றழுத்தம் என்று டி.வி.யில் சொல்கிறார்கள்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். இன்று காலை பதினொரு மணிக்கு அனுப்பியாயிற்று.

நீங்கள் இருக்க வேண்டும். நான் உங்கள் முகத்தில் விழிக்காமல் போனாலும் பரவாயில்லை, நீங்கள் இருக்க வேண்டும்.

ஜோதி


படப்பை
28 நவம்பர் 2024

ஞானஜோதிக்கு,

ஒரு மாதமாக எழுதவில்லை. எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். உனக்குத் தெரிய வேண்டியது இருப்பதால் எழுதுகிறேன்.

அக்டோபர் 24ஆம் தேதி ஒரு அதிகாரியும் இரண்டு பெண் போலீசும் வந்தார்கள். என்னைத் தொடக்கூட இல்லை, மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். நோட்டீசில் உன் கடிதத்தின் நகலை இணைத்திருந்தார்கள். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா, நானே படித்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்தேன்.

நவம்பர் 11ஆம் தேதி இடிக்க ஆரம்பித்தார்கள். நான் போய் எதிர்ச்சாரியில் மளிகைக் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஜே.சி.பி. வந்தது. முதல் நாள் மாடிச் சுவரை எடுத்தார்கள். இரண்டாம் நாள் ஹாலுக்குப் போனார்கள். காலையில் ஆரம்பித்து மத்தியானம்வரை ஒரு தூணும் சாயவில்லை. டிரைவர் இறங்கி வந்து அதைத் தட்டிப் பார்த்தான், தலையைச் சொறிந்தான். மூன்றாம் நாள் உடைக்கிற மிஷின் கொண்டுவந்து ஒவ்வொன்றாக உடைத்தார்கள்.

உள்ளே கம்பி இருந்தது, ஜோதி. ஒவ்வொரு தூணிலும் ஆறு கம்பி, கட்டைவிரல் தடிமன். நான் எழுந்து போய் எண்ணிப் பார்த்தேன். எட்டுத் தூணிலும் இருந்தது. அந்தத் தளம் நான் செத்து இன்னும் நாற்பது வருடம் நின்றிருக்கும். விரிசல் சுண்ணாம்புப் பூச்சோடு சரி. போர் போட்டதில் பூச்சு விட்டிருக்கிறது, செங்கல்லில் கீறல்கூட இல்லை. நீ நேரில் வந்திருந்தால் தூணை ஒரு தட்டுத் தட்டியே சொல்லியிருப்பாய்.

கங்கையம்மாள் அங்கேதான் கல் சுமந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கூடையை இறக்கிவிட்டு ஓடி வந்து காலைப் பிடித்துக்கொண்டாள். “இன்னா பண்றது யம்மா, அவருதான் சொல்லச் சொன்னாரு. பைப்பு, மண்ணுன்னு அப்டியே சொல்லணும்னாரு. நீ வூட்ட உட்டுப் போய்டுவேன்னு நென்ச்சேன். இப்டி இடிப்பாங்கன்னு எனக்குத் தெர்யாதும்மா.” அவளை எழுப்பிவிட்டேன். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

சிவகுமார் என்னைக் கொல்ல நினைக்கவில்லை. அதற்கு அவர் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்திருக்கிறார் என்று நினைத்தால்தான் எனக்கு உடம்பு சில்லிடுகிறது. ஒரு கிழவி செத்தால் கேஸ் ஆகும். அவருக்கு வேண்டியிருந்தது உன் கையெழுத்து மட்டும். நான் பயந்து உனக்கு எழுதுவேன், நீ பயந்து மாநகராட்சிக்கு எழுதுவாய் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. நம் இரண்டு பேருக்கும் நடுவில் உள்ள பிரியத்தையும் அவர் எங்கேயோ டிக் போட்டு வைத்திருக்கிறார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கடை வாசலுக்கு வந்து என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். “மேடத்துக்கு ரொம்ப தேங்க்ஸ் சொல்லுங்கம்மா. அவங்க நல்ல மனசு” என்றார். கண் கலங்கியிருந்தது. அவர் கக்கத்தில் புதுப் பதிவேடு ஒன்று இருந்தது, அதே நீல பைண்டு, மேலே உன் கையெழுத்தில் ‘செம்பாக்கம்’ என்று இருந்தது. தோத்தாத்ரி கொடுத்திருக்க வேண்டும்.

நீ என்னைக் காப்பாற்ற நினைத்தாய். எனக்கு அது தெரியும். உன்னை மன்னிக்க எனக்கு இன்னும் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

செம்பாக்கத்து வீட்டில் யார் குடியிருக்கிறார்கள்? மிச்சமிருக்கும் எல்லா வீட்டு முகவரியும் உன்னிடம் இருக்கும். பெயர், கதவு எண், பின்கோடு விடாமல் எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்பு. ஒவ்வொருவருக்கும் நானே கடிதம் போடுகிறேன். கங்கையம்மாள் வந்து சொன்னாள், செம்பாக்கத்தில் நேற்று போர் லாரி வந்து நின்றதாம்.

தனக்கோடி